பேட்ச் அனுப்புவது எப்படி: நெல்லைப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிக்கு ஞாயிறு மாலைகளில் கட்டற்ற மென்பொருள் (யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் நிரலைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்) பழக வருபவர்கள், சில ஆண்டுகளாக ஒரே வகையான சந்தேகங்களைக் கேட்டு வருகிறார்கள். பேட்டையிலிருந்து வரும் பாலிடெக்னிக் மாணவர், அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்தேறி வரும் நூலக உதவியாளர், தென்காசியில் வேலை பார்க்கும் நிரலாளர் என்று கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி வைத்தால் வர இயலாதவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். அந்த நூலக உதவியாளர் கண்டுபிடித்த ஒரு வழு, அதாவது மென்பொருள் பிழை, இந்தப் பக்கம் நெடுகிலும் எடுத்துக்காட்டாக வரும்.

பேட்ச்னா என்ன அக்கா? திருத்தின கோப்பை அப்படியே அனுப்பினா ஆகாதா?

பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துச் சொல்லும் உரைத் துண்டுதான் பேட்ச். நீக்கிய வரியின் முன்னால் கழித்தல் குறியும், சேர்த்த வரியின் முன்னால் கூட்டல் குறியும் நிற்கும். எந்த இடம் என்று அடையாளம் தெரிவதற்காக, மாறாத வரிகள் வழக்கமாக மேலே மூன்றும் கீழே மூன்றும் உடன் வரும். முழுக் கோப்பையும் அனுப்பினால், இரண்டாயிரம் வரிகளில் நீங்கள் எதைத் தொட்டீர்கள் என்று பெறுபவர் தேட வேண்டியிருக்கும்; இதற்கிடையில் அதே கோப்பில் வேறொருவர் செய்த திருத்தம் உங்கள் கோப்பால் அழிந்தும் போகும்.

வேறுபாட்டைக் கணக்கிடும் டிஃப் என்ற கருவி 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காக எழுதப்பட்டது. அந்த வேறுபாட்டை இன்னொருவரின் கோப்பில் பொருத்தும் பேட்ச் என்ற நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்து வைக்கும் கருவி கிட். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் அதை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். கருவிகள் எவ்வளவோ வளர்ந்த பின்னும், பரிசீலிப்பவர் முன்னால் விரிவது இன்றைக்கும் அதே கூட்டல், கழித்தல் குறிகள்தான்.

நான் டிப்ளமோதான் படிச்சிருக்கேன். என்னையெல்லாம் சேர்த்துக்கிடுவாங்களா?

பேட்சில் படிப்பை எழுதுவதற்கு இடமே கிடையாது. ஒவ்வொரு திட்டத்திலும் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவரைப் பராமரிப்பாளர் என்கிறோம். வழு உண்மையானதா, திருத்தம் அதைத் தீர்க்கிறதா, நாளை நீங்கள் போய்விட்டாலும் தம்மால் அந்த வரிகளைக் கட்டிக் காக்க முடியுமா என்பவையே அவருடைய கவலைகள். மூன்றாவது கவலையைப் புதியவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. கீழே வரும் பல பதில்கள் அதைச் சுற்றியே இருக்கும்.

எங்கே இருந்து ஆரம்பிக்க? எந்த மென்பொருளைப் பிடிக்க?

நீங்கள் தினமும் பயன்படுத்துகிற ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பல திட்டங்களில் புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று தனி அடையாளமிட்டு வழுக்களை ஒதுக்கி வைத்திருப்பார்கள்; லிப்ரேஆஃபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பில் அவற்றுக்கு ஈஸி ஹேக்ஸ் என்றே பெயர். அவையும் நல்லவைதான். ஆனால் உங்கள் கையில் குத்திய முள்ளை நீங்கள் எடுப்பதில் உள்ள பிடிப்பு, பட்டியலில் தேர்ந்தெடுத்த வேலையில் வருவதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தமிழில் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவர்களுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. நூலக உதவியாளர் ஒரு கட்டற்ற நூல்பட்டியல் மென்பொருளில் 'பாளையங்கோட்டை' என்று தேடியபோது, அலமாரியில் கண்ணெதிரே இருந்த நூல்களில் பாதி திரையில் வரவில்லை. வராத பதிவுகளைத் திறந்து பார்த்தால் அங்கும் 'பாளையங்கோட்டை' என்றே இருந்தது. கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. காரணம் 'கோ' என்ற எழுத்தில் இருந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் குறியீடு தரும் யூனிகோடில் அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் ஏகாரக் கொம்பு, பின்னால் வரும் கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். முதல் முறையில் அந்த ஊர்ப்பெயருக்கு 13 குறியீடுகள், இரண்டாவதில் 14. விசைப்பலகையில் அடித்தவை ஒரு விதமாகவும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டவை இன்னொரு விதமாகவும் சேமிக்கப்பட்டிருந்தன. இரண்டும் சமம் என்று யூனிகோடு வரையறுத்திருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் வேலை.

இதேபோல் 'திருநெல்வேலி' நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு. அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 36 பைட். பெயருக்கு 20 பைட் போதும் என்று வெட்டுகிற நிரலில் 'திருநெ' வரை வந்து, அடுத்து ஓர் உடைந்த கட்டம் நிற்கும். ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்துப் பார்க்கிற நிரலாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இவை அவர் கண்ணில் படா. நம் கண்ணில் தினமும் படுகின்றன.

எனக்கு நிரல் எழுத வராது. மொழிபெயர்ப்பும் பேட்ச்தானா?

ஆம், ஐயமே வேண்டாம். பெரும்பாலான திட்டங்கள் கெட்டெக்ஸ்ட் என்ற முறையில் ஆங்கிலத் தொடரை ஒரு வரியிலும் தமிழை அடுத்த வரியிலும் வைக்கின்றன. வெப்லேட் போன்ற இணையக் கருவிகள் வழியாகக் கிட்டைத் தொடாமலே இதைச் செய்யலாம். கவனிக்க வேண்டியவை, தொடருக்குள் விழுக்காட்டுக் குறியோடு வரும் இடங்காட்டிகள். ஓடும்போது அங்கே கோப்பின் பெயரோ எண்ணிக்கையோ வந்து அமரும். தமிழ்த் தொடரமைப்புக்காக அவற்றை முன்பின்னாக மாற்றினால், விழுக்காட்டுக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் வரிசை எண்ணையும் டாலர் குறியையும் இட வேண்டும். இடாவிட்டால் எண் வர வேண்டிய இடத்தில் பெயர் வந்து நிரலே விழுந்துவிடக்கூடும்.

வேற்றுமை உருபை இடங்காட்டியோடு ஒட்டாதீர்கள். 'இல்' என்று ஒட்டி வைத்தால், ஓடும்போது 'திருநெல்வேலிஇல்' என்று வந்து நிற்கும். உடம்படுமெய் சேர்க்க நிரலுக்குத் தெரியாது. 'திருநெல்வேலி என்ற கோப்புறையில்' என வரும்படி, 'என்ற' சேர்த்து எழுதினால் எந்தப் பெயருக்கும் பொருந்தும். ஆங்கில மூலம் மாறியதால் 'ஃபஸ்ஸி' என்று குறிக்கப்பட்ட தொடர்கள் வெளியீட்டில் சேரமாட்டா. அவற்றைச் சரிபார்த்துக் குறியை நீக்குவதே பல நேரங்களில் ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமான, உடனே பலன் தெரிகிற பணியாகும்.

வழுவைப் பார்த்துட்டேன். உடனே திருத்தி அனுப்பலாமா, முதல்ல சொல்லணுமா?

முதலில் தேட வேண்டும். திட்டத்தின் வழுப்பட்டியலில், திறந்தவை மூடியவை இரண்டிலும், உங்கள் சிக்கலைப் பல சொற்களில் தேடிப் பாருங்கள். நம் நூலக வழுவைத் தமிழ் என்று தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. யூனிகோடு என்று தேடியபோது, வியட்நாமிய மொழியில் இதே சிக்கலை ஒருவர் முன்பே எழுதியிருந்தார், யாரும் திருத்தவில்லை. அங்கேயே நம் எடுத்துக்காட்டைச் சேர்த்தோம்.

எழுத்துப்பிழை, இரண்டு மூன்று வரித் திருத்தம் போன்றவற்றை நேரடியாக அனுப்பலாம். புதிய வசதி சேர்ப்பதாக இருந்தாலோ, பல கோப்புகளைத் தொடுவதாக இருந்தாலோ, எழுதத் தொடங்கும் முன் நான்கு வரியில் கேட்டுவிடுங்கள். ஒரு மாத உழைப்புக்குப் பின் 'இது எங்கள் நோக்கத்தில் இல்லை' என்ற பதில் வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

என் லேப்டாப்பில் அதை ஓட வைக்கவே முடியவில்லை. டேட்டாவும் தீர்ந்து போகுது.

புதியவர்களில் பலர் விலகிப் போவது இந்தப் படியில்தான். முழு வரலாறும் இல்லாமல் கடைசி நிலையை மட்டும் இறக்க, கிட்டில் ஆழத்தை 1 என்று குறிப்பிட்டுக் குளோன் செய்யலாம், அதாவது நகல் இறக்கலாம்; இறக்கத்தின் அளவு வெகுவாகக் குறையும். உலாவி, அலுவலகத் தொகுப்பு போன்ற பெரிய மென்பொருள்களைப் பழைய கணினியில் கட்டமைக்க, அதாவது எழுதிய நிரலை ஓடும் வடிவுக்கு மாற்ற, மணிக்கணக்கில் ஆகும். முதல் பேட்சுக்குப் பைத்தானில் எழுதப்பட்ட சிறிய ஒன்றை எடுங்கள்.

கட்டமைக்கும் வழிமுறையில் ஏதேனும் விடுபட்டிருந்து நீங்கள் மூன்று மணி நேரம் தடுமாறினால், அந்த விடுபட்ட வரியைச் சேர்ப்பதே உங்கள் முதல் பேட்சாகலாம். பழகியவர்கள் தம் கணினியில் எல்லாம் ஏற்கனவே இருப்பதால் அதைக் கவனிப்பதே இல்லை.

ஒரு பேட்சில் எவ்வளவு மாற்றலாம்? கையோடு பார்த்ததையெல்லாம் சரி செஞ்சா என்ன?

ஒரு பேட்ச், ஒரு காரணம். இதை நான் வருத்தப்பட்டுத்தான் கற்றேன். என் முதல் பேட்சில் நான் மாற்றியது இரண்டே வரி. ஆனால் என் எடிட்டர், சேமிக்கும்போது கோப்பு முழுவதிலும் வரி இறுதி இடைவெளிகளை அழித்து, டேப்புகளை வெற்றிடங்களாக்கியிருந்தது. ஆயிரத்து நானூறு வரிகள் கழித்தலும் கூட்டலுமாக அந்தப் பராமரிப்பாளருக்குப் போயின. 'நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை' என்ற ஒரு வரிப் பதில் வந்தது. அவர் சொன்னது முழுக்க உண்மை. அன்றிலிருந்து அனுப்பும் முன் டிஃபை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் நான் எதையும் அனுப்புவதில்லை.

நூலக வழுவில் ஒப்பிடும் இடத்தில் இரண்டு வரி மாறியது. 13 குறியீட்டு வடிவமும் 14 குறியீட்டு வடிவமும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை ஒன்று சேர்ந்தது. அதே கோப்பில் ஒரு மாறியின் பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தது. அதைத் தனி பேட்சாக அனுப்பச் சொன்னேன். பின்னாளில் ஏதேனும் பழுது வந்து ஒன்றைத் திரும்பப் பெற நேர்ந்தால், மற்றது பத்திரமாக இருக்கும்.

கமிட் செய்தியில என்ன எழுதணும்? 'பிழை திருத்தம்'னு போட்டா போதாதா?

போதாது. கிட்டில் பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்; அதோடு சேர்ந்து நிற்கும் குறிப்பே கமிட் செய்தி. நிரலைப் பார்த்தால் என்ன மாறியது என்று தெரிந்துவிடும். ஏன் மாறியது என்பதை நீங்கள் சொன்னால்தான் தெரியும். ஐந்து ஆண்டுகள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர், இந்த இரண்டு வரிகளை நீக்கலாமா என்று யோசித்துக்கொண்டு எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்க்கும்போது, அவர் முன்னால் நீங்கள் இருக்கமாட்டீர்கள். உங்கள் கமிட் செய்தி மட்டும் இருக்கும். முன்னர் சொன்ன மூன்றாவது கவலைக்கு இதுவே பதில். என்னைக் கேட்டால், நிரலுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது செய்திக்குச் செலவிட வேண்டும் என்பேன்.

முதல் வரி ஏறக்குறைய 50 எழுத்துக்குள், ஏவல் வாக்கியமாக அமையும். பிறகு ஒரு வெற்று வரி. அதன்பின் விளக்கம், வரிக்கு ஏறத்தாழ 72 எழுத்துக்குள் மடித்து. நூலக பேட்சுக்கு எழுதிய ஆங்கிலச் செய்தியின் பொருள் இது (அதில் வரும் என்எஃப்சி, பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்; என்எஃப்டி, அவற்றைப் பிரித்து வைக்கும் வடிவம்):

'தேடல்: ஒப்பிடும் முன் இரு சொற்களையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்று.

தமிழில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவோ இரண்டாகவோ சேமிக்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோல் தெரிந்தாலும் பைட் அளவில் வேறானவை என்பதால், ஒன்றைத் தேடினால் மற்றது கிடைப்பதில்லை. சேமித்த தரவைத் தொடாமல், ஒப்பிடும்போது மட்டும் மாற்றுகிறோம். பழைய பதிவுகளை மாற்றி எழுதினால் காப்புப் பிரதிகளோடு முரண்படும்.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். செய்யாமல் விட்ட ஒன்றையும், விட்டதற்கான காரணத்தையும் அது சொல்கிறது. பராமரிப்பாளர் கேட்கவிருந்த கேள்விக்கு அவர் கேட்கும் முன்பே பதில் கிடைத்துவிட்டது.

ஆங்கிலம் சரளமா வராதே?

குறுகிய வாக்கியங்களாக எழுதுங்கள். 'இதைச் செய்தேன். இது நடந்தது. இது நடந்திருக்க வேண்டும்.' இந்த மூன்றும் பிழையில்லாமல் இருந்தால் போதும். உலகெங்கும் இத்திட்டங்களில் எழுதுகிறவர்களில் மிகப் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. மன்னிப்புக் கேட்டுத் தொடங்கவும் வேண்டாம். விளக்கத்துக்கான இடத்தை அது தின்றுவிடும்.

எல்லோரும் ஃபோர்க், புல் ரிக்வெஸ்ட்னு சொல்லுதாங்க. சில இடத்துல மின்னஞ்சல்ல அனுப்பச் சொல்லுதாங்க. எது சரி?

அந்தந்தத் திட்டம் சொல்வதே சரி. திட்டத்தின் நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தில் பங்களிப்பு வழிகாட்டி என்று ஒரு கோப்பு இருக்கும். அதைப் படிக்காமல் தொடங்காதீர்கள். களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் உள்ளவற்றுக்கு உங்கள் பெயரில் ஒரு நகல் (ஃபோர்க்) எடுத்து, மைய நிரலிலிருந்து பிரித்த தனிக் கிளையில் மாற்றி, அங்கிருந்து 'இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோளான புல் ரிக்வெஸ்ட்டை அனுப்ப வேண்டும். லினக்ஸின் திரைச்சூழல்களான க்னோம், கேடிஇ ஆகியவை கிட்ஹப் போன்ற கிட்லேப்பைத் தங்களுக்கென்று நடத்துகின்றன. லிப்ரேஆஃபிஸ் கெரிட் என்ற பரிசீலனைக் கருவியைப் பயன்படுத்துகிறது.

லினக்ஸ் கெர்னலுக்கு இன்றும் மின்னஞ்சல்தான். கிட் ஃபார்மட்-பேட்ச் கட்டளையால் பேட்சை உருவாக்கி, செக்பேட்ச் என்ற நிரலால் நடையைச் சரிபார்த்து, யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கெட்-மெயின்டெய்னர் நிரலிடம் கேட்டு, கிட் சென்ட்-இமெயிலால் அனுப்ப வேண்டும். ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப்புகள் வெற்றிடங்களாகிவிடும், பேட்ச் பொருந்தாது. முதல் முறை உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்ததை எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

'சைன்டு ஆஃப் பை' வரி எதுக்கு? போடாம விட்டா?

கமிட் செய்தியின் கடைசியில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இட்டு எழுதும் வரி அது. கேட்கும் திட்டங்களில் அது இல்லாமல் பேட்ச் சேராது. எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது லினக்ஸ் நிரல் தொடர்பாக வழக்குத் தொடுத்த பின்னணியில், ஒவ்வொரு வரியும் யாரிடமிருந்து வந்தது என்பதற்குத் தடம் வேண்டும் என்று 2004இல் கெர்னலில் இந்த வழக்கம் கொண்டுவரப்பட்டது. 'இதை நான் எழுதினேன், அல்லது உரிய உரிமத்தின்கீழ் பெற்றேன்; இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்பதற்கான உறுதிமொழி அது. கிட் கமிட்டில் சிறிய எஸ் தெரிவைச் சேர்த்தால் அந்த வரி தானாக வரும்.

வேலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணி ஒப்பந்தத்தில், நீங்கள் எழுதும் நிரலெல்லாம் நிறுவனத்துக்கே என்ற விதி இருக்கக்கூடும். அப்படியிருந்தால் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு கையொப்பமிடுங்கள்.

இணையத்தில் கிடைச்ச நிரலை எடுத்துச் சேர்க்கலாமா?

அதன் உரிமம் தெரியாவிட்டால் கூடாது. உரிமம் எதுவும் எழுதப்படாத நிரல் பொதுச் சொத்து என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது எழுதியவரின் முழு உரிமையில் இருக்கிறது. எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் உள்ளதை, பதிப்புரிமைக் குறிப்பைக் காத்து, மாற்றிப் பகிர்ந்தாலும் அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் ஜிபிஎல் திட்டத்தில் சேர்க்கலாம். ஜிபிஎல் நிரலை எடுத்து எம்ஐடி திட்டத்தில் அதன் உரிமத்தின்கீழ் தர முடியாது.

அப்படின்னா ஏஐ எழுதித் தந்ததை அனுப்பலாமா?

திட்டத்தின் விதியை முதலில் பாருங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் தொகுப்பு 2024 ஏப்ரலிலும், கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் 2025இலும் அத்தகைய நிரலை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தன. வேறு சில திட்டங்கள், வெளிப்படையாகச் சொன்னால் ஏற்கின்றன. மேலே சொன்ன கையொப்ப உறுதிமொழியை, எங்கிருந்து வந்ததென்றே தெரியாத வரிகளுக்கு எப்படித் தருவது என்பதே கியூஇஎம்யூ போன்ற திட்டங்களின் முதன்மையான கவலை.

விதி இடம்கொடுத்தாலும், ஒவ்வொரு வரியையும் நீங்களே விளக்க முடியாத பேட்சை அனுப்பாதீர்கள். 'ஏன் என்எஃப்சி, ஏன் என்எஃப்டி இல்லை?' என்று பராமரிப்பாளர் கேட்கும்போது அந்தக் கேள்வியையும் எந்திரத்திடம் கொடுத்து வாங்கிப் பதில் எழுதினால், அவர் தம் மாலை நேரத்தை எந்திரத்தோடு பேசிக் கழித்தவராவார். சம்பளமின்றி உழைக்கிற ஒருவருக்கு அது நாம் செய்யும் அநியாயம்.

அனுப்பி ரெண்டு வாரமாச்சு. பதிலே இல்ல. மறந்துட்டாங்களா?

மறந்திருக்கலாம்; தவறில்லை. லினக்ஸ் கெர்னலின் வழிகாட்டி, குறைந்தது ஒரு வாரம் பொறுத்த பின் நினைவூட்டச் சொல்கிறது. புதிய மாற்றங்களைச் சேர்க்கும் இரண்டு வாரக் காலத்தில் இன்னும் தாமதமாகும். சிறிய திட்டங்களில் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். அதே இழையில், 'நான் இதில் இன்னும் ஏதேனும் செய்ய வேண்டுமா?' என்று ஒரு வரி எழுதுங்கள். பராமரிப்பாளரின் தனி முகவரியைத் தேடிப் பிடித்து எழுதாதீர்கள்.

இவ்வளவு கேள்வி கேக்குதாங்களே, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?

நம்பிக்கை போகப் போகத்தான் வரும். கேள்விகளுக்கு வலுவான காரணமும் உண்டு. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேட்ச் அனுப்பிப் பராமரிப்பாளராகவே ஆன ஒருவர், அதில் கள்ள வாசல் ஒன்றை வைத்திருந்தது 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழி நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். தனியொருவராகக் களைத்துப்போயிருந்த பழைய பராமரிப்பாளரை, விரைந்து சேர்க்கும்படி பலர் நெருக்கியதும் அந்த வரலாற்றில் உண்டு. ஆகவே நெருக்காதீர்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள்.

நூலக பேட்சுக்கு வந்த முதல் கேள்வி, வியட்நாமிய எடுத்துக்காட்டிலும் சோதித்தீர்களா என்பது. சோதிக்கவில்லை. சேர்த்து, இரண்டாம் பதிப்பாக அனுப்பினோம். மின்னஞ்சல் வழி என்றால் தலைப்பில் 'வி2' என்று குறித்து, முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுத வேண்டும்; அந்தப் பகுதி நிலையான வரலாற்றில் சேராது. கடுமையான சொல்லில் பதில் வந்தால், அதில் நிரலைப் பற்றிய பகுதியை மட்டும் ஒரு தாளில் பிரித்து எழுதி அதற்கு மட்டும் பதில் சொல்வது என் வழக்கம். ஆளைப் பற்றிய இழிசொல் இருந்தால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. நடத்தை விதிமுறை உள்ள திட்டங்களில் முறையிடலாம், இல்லாவிட்டால் விலகி வேறிடம் போகலாம்.

'கான்ஃபிளிக்ட் இருக்கு, ரீபேஸ் பண்ணுங்க'ன்னு வந்திருக்கு. பயமா இருக்கு.

நீங்கள் கிளை பிரித்த பிறகு அதே வரிகளை வேறொருவர் மாற்றியிருக்கிறார் என்பதே இதன் பொருள். உங்கள் மாற்றத்தை இன்றைய நிலையின்மேல் எடுத்து வைப்பது ரீபேஸ். கோப்பைத் திறந்தால் ஏழு 'சிறியது' குறிகள், ஏழு சமக்குறிகள், ஏழு 'பெரியது' குறிகள் என்று மூன்று வேலிகள் தெரியும். சமக்குறிக்கு மேலே இருப்பது மையக் கிளையின் வடிவம், கீழே இருப்பது உங்களுடையது. ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். அந்த மற்றவரின் கமிட் செய்தியைப் படித்து, இருவர் நோக்கமும் நிறைவேறும்படி எழுதி, வேலிகளை நீக்கி, சோதனைகளை மீண்டும் ஓட்டுங்கள்.

தொடங்கும் முன் இப்போதைய நிலைக்கு வேறு பெயரில் ஒரு கிளை வைத்துக்கொண்டால் பயமே வேண்டாம். குழம்பினால் ரீபேஸை அபார்ட் செய்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம்.

காலேஜில் பத்து பேட்ச் காட்டினால் மார்க் என்கிறார்கள். சின்னச் சின்னதாக அனுப்பலாமா?

எண்ணிக்கைக்காக அனுப்பாதீர்கள். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்று அறிவித்திருந்ததால், அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்களின் வெள்ளத்தில் பராமரிப்பாளர்கள் திணறினார்கள். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டுமே என்று சில நாட்களுக்குள் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஆசிரியரிடம் ஒரு பேட்சையும் அதன் பரிசீலனை உரையாடலையும் காட்டுங்கள். பத்து வெற்றுத் திருத்தங்களைவிட அதில் உங்கள் உழைப்பு தெளிவாகத் தெரியும்.

பாதுகாப்புக் குறை ஒன்று கண்ணில் பட்டால் அதையும் வழுப்பட்டியலில் எழுதலாமா?

எழுதக் கூடாது. பட்டியல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். திருத்தம் வரும் முன்னரே தாக்குவோர் பயன்படுத்திவிடுவார்கள். பெரும்பாலான களஞ்சியங்களில் பாதுகாப்பு அறிவிப்புக்கெனத் தனிக் கோப்பும், பொதுவில் தெரியாத முகவரியும் இருக்கும். அங்கே எழுதி, எப்போது வெளியிடலாம் என்று அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

அவங்க எடுத்துக்கிடலைன்னா நம்ம கணினியில மட்டும் வெச்சுக்கிடலாமே?

உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் அந்த பேட்சை நீங்களே திரும்பப் பொருத்த வேண்டும். மேலே சொன்ன ரீபேஸ் வேலை ஆண்டுதோறும் உங்கள் தலையில் விழும். மூலத் திட்டத்தை ஆங்கிலத்தில் ஆற்றின் மேற்பகுதி என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். நமக்கு அதைத் தலைமடை, கடைமடை என்று சொன்னால் உடனே விளங்கும். பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாயில் தலைப்பில் அடைப்பு இருக்கும்போது, கடைமடைக்காரர் தம் வயலுக்கு மட்டும் மோட்டார் வைத்து நீர் இறைக்கலாம். தலைப்பைச் சரிசெய்தால் வழிநெடுக எல்லா வயலுக்கும் பாயும்.

மறுப்புக்கான காரணத்தையும் கேட்டு வையுங்கள். 'வேண்டாம்' என்பது சில நேரம் 'இந்த வழியில் வேண்டாம்' என்பதாகவே இருக்கும்.

சேர்த்துட்டாங்க! ஆனா எங்க நூலகக் கணினியில ஒண்ணும் மாறலையே?

அம்பாசமுத்திரத்து உதவியாளர் மிகுந்த மகிழ்ச்சியோடு வந்து, அதே மூச்சில் கேட்ட கேள்வி இது. பேட்ச் மூலத் திட்டத்தின் களஞ்சியத்தில் சேர்ந்ததும் அடுத்த வெளியீடு வரும் வரை அங்கேயே இருக்கும். அந்த வெளியீட்டை, லினக்ஸையும் மென்பொருள்களையும் தொகுத்துத் தரும் டெபியன் போன்ற வழங்கல்கள் எடுத்து, எளிதாக நிறுவும்படி பொதியாக்க வேண்டும். டெபியனின் நிலைப்பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. நடுவில் பாதுகாப்புத் திருத்தங்களும் மிக முக்கியமான வழுத்திருத்தங்களும் மட்டுமே அதில் சேரும். உங்கள் கணினியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதையும், பேட்ச் எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் காத்திருக்க வேண்டிய காலம் தெரியும். அவசரமென்றால் பேக்போர்ட்ஸ் என்ற தனிக் களஞ்சியத்தில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் பொதியாக்குபவரிடம் கேட்கலாம்.

அதுவரை அந்தக் கணினியில் மட்டும் பேட்சைப் பொருத்திக்கொள்வதில் தவறில்லை. பொருத்திய நாளையும் பேட்சின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவைக்கச் சொன்னேன். புதிய பதிப்பு வரும் நாளில் அதை எடுக்க வேண்டும் என்பது அப்போது அங்கே இருப்பவருக்குத் தெரிய வேண்டும்.